வெள்ளமும் ஊரடங்கும் கற்றுக்கொடுத்ததில் நம் வீட்டிலும் சபையிலும் எது தங்கியது?

ஏரல்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரக் கமிட்டியில் (சேகரம் என்றால் ஒரே போதகரின் கீழுள்ள சபைகள்) வெள்ள நிவாரணக் கணக்கை முடித்துவைக்கப் போகிறோம். கணக்கை முடிப்பது சரி. அந்த நாட்களில் நாங்கள் வாழ்ந்த விதத்தையும் கூடவே மூடி வைத்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை. கமிட்டிக்குப் போகும் முன் உங்கள் ஊர் அனுபவத்தைக் கேட்கலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டே நாள். காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. ஏரல் பாலம் சேதமானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்களிடம் பார்க்க டிவியும் இல்லை, கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை.

எங்கள் கோயில், அதாவது தேவாலயம், மேட்டில் இருக்கிறது. பள்ளத்துத் தெருக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் ஏறி வந்தார்கள். அம்மன் கோவில் பூசாரி குடும்பம், பாய் வீட்டார், நாங்கள், எல்லாரும் ஒரே கூரையின் கீழ். அதிரசத்துக்கு இடித்து வைத்திருந்த பச்சரிசி மாவு அன்று கஞ்சியானது. கஞ்சி தயாரானதும் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை மணியடிப்பார். சாப்பாட்டுக்கு ஒரு மணி, மருந்து வந்திருந்தால் இரண்டு மணி. கிறிஸ்துமஸ் பஜனைக்கென்று வைத்திருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வாலிபர்கள் வீடு வீடாகப் போனார்கள். பாடுவதற்கு அல்ல, சேறு அள்ளுவதற்கு. சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரு நோட்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டு ரேஷன் கார்டு ஆற்றோடு போனது, யார் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை, எல்லாம் அதில் ஏறும். மறுநாள் யார் எந்த வீட்டுக்குப் போவது என்று அங்கேயே முடிவாகும்.

25ஆம் தேதி ஆராதனைக்கு எல்லாரும் பழைய துணியில்தான் வந்தோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு கிறிஸ்துமஸ் பார்த்ததில்லை. அன்று ஒருவர் வீட்டுச் செலவு இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் அதற்காகக் கூச்சப்படவில்லை.

இப்போது அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் யார் வீட்டில் பெரிது என்ற பேச்சு மறுபடி வந்துவிட்டது. 2020இலும் இதே கதைதான். ஊரடங்கில் எங்கள் தெருவில் ஏழரை மணிக்கு எல்லா வீட்டிலும் பாமாலைப் பாட்டுச் சத்தம் கேட்டது. அது எப்போது நின்றது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

உங்கள் ஊரில் ஏதாவது தங்கியிருக்கிறதா? தங்கியிருந்தால் எப்படித் தங்கியது?

பாமாலைப்பிரியை

நாகர்கோவில் பக்கம். அண்ணே, உங்கள் பதிவு மனதைத் தொட்டது. ஆனால் ஊரடங்கையும் வெள்ளத்தையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வெள்ளம் உங்களை ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. ஊரடங்கு எங்களைப் பிரித்துப் போட்டது.

2020 மார்ச் 22 ஞாயிறு சுய ஊரடங்கு, 25இலிருந்து முழு ஊரடங்கு. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, பெரிய வெள்ளி 10, ஈஸ்டர் 12, மூன்றும் வீட்டிலேயே போயின. என் மாமியாருக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. மொபைலில் ஆராதனை ஓடும்போது பக்கத்தில் உட்காருவார். திருவிருந்து வேளை வந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவார். அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் முழங்காலிட்டுக் கையில் வாங்கிய அப்பத்தைத் திரையில் பார்ப்பது அவருக்குப் பசியைத்தான் கூட்டியது.

"வீடே கோயில்" என்று அன்று பலரும் எழுதினார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் குடிக்கிற கணவன் இருக்கிற வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? எங்கள் சபையில் சில பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் அடி விழாத நேரம். அதுவும் போய்விட்டது. செப்டம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் திறக்கலாம் என்றானபோது நான் அழுதேன். வீட்டில் கற்றதைக் காப்பாற்றுவோம், சரி. கூடிவருதலைச் சடங்காகப் பேசுகிறவர்களோடு மட்டும் என்னால் உடன்பட முடியாது.

தூத்தூர்_அலை

ஏரல் நண்பருக்கு வணக்கம். நாங்கள் கத்தோலிக்கர், கன்னியாகுமரி மேற்குக் கடற்கரை. எங்களுக்கு வாழ்க்கை புரண்டது 2017இல். நவம்பர் 29 இரவு, 30 காலை. ஒக்கி புயல்.

எங்கள் ஆட்கள் கரைக்கடலில் வலை போட்டுவிட்டு மத்தியானம் திரும்புகிறவர்கள் அல்ல. ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையில் இல்லை. எத்தனை பேர் போயிருக்கிறார்கள், எந்தப் படகில், எந்தத் துறைமுகத்திலிருந்து என்ற விவரம் எந்த அலுவலகத்திலும் முழுதாக இல்லை. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எட்டு ஊர். ஒவ்வொரு ஊரிலும் பங்குத்தந்தையும் அன்பியப் பொறுப்பாளர்களும் வீடு வீடாக ஏறித்தான் பட்டியல் எடுத்தார்கள். அன்பியம் என்றால் எங்களில் முப்பது நாற்பது குடும்பம் சேர்ந்த ஜெபக்குழு. அதுவரை செபமாலை சொல்ல, மாதா பவனிக்கு வரி பிரிக்க என்று இருந்த அமைப்பு, யார் திரும்பவில்லை என்று எண்ணுகிற அமைப்பானது. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுதலைத் தீவிரமாக்குங்கள் என்று கேட்டபோது எங்கள் கையில் பெயர்கள் இருந்தன.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். எங்களில் எது தங்கியது? அழுகை தங்கியது, அதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் தங்கியது. எங்கள் அன்பியத்தில் கடலுக்குப் போகும் முன் படகின் பெயர், உடன் போகிறவர்கள், வீட்டுத் தொடர்பு எண் எல்லாவற்றையும் பொறுப்பாளர் அக்காவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை செபமாலையில் ஐந்தாவது பத்து மணிகளின் ஜெபம் முடிந்ததும் அந்தப் பெயர்களை அந்த அக்கா வாசிப்பார். கடலில் இருக்கிறவர்கள் பெயர். நாங்கள் மாதாவிடம் "இவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்வோம்.

ஏன் நிலைத்தது என்றால், அது ஒரு ஆளின் வேலை. அந்த அக்கா வெளியூர் போனால் நோட்டை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அந்த வருஷம் நாங்கள் எடுத்த மற்ற தீர்மானங்கள் எல்லாம் எல்லாருடைய தீர்மானமாக இருந்தன. அவை எதுவும் இல்லை இப்போது.

குருத்தோலை

இறையியல் படிக்கிறேன். தூத்தூர் அண்ணன் சொன்ன கடைசி விஷயம் பழையதொரு கடிதத்தை நினைவுபடுத்தியது. 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தை யேனாவுக்கு மாற்றிவிட்டார்கள். லூத்தரையும் கிளம்பச் சொன்னார்கள். அவர் போகவில்லை. மனைவி கத்தரீனா அப்போது கர்ப்பிணி. அவர்கள் வீட்டிலேயே நோயாளிகள் இருந்தார்கள். அந்தச் சமயத்தில் பிரெஸ்லாவிலிருந்த யோகான் ஹெஸ் என்ற குருவானவர், கொள்ளைநோயிலிருந்து கிறிஸ்தவன் ஓடலாமா என்று கேட்டதற்கு எழுதிய பதில் அது.

எல்லாரும் தங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஓடுகிறவனைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் போதகர், நகர அதிகாரி, வைத்தியர், பெற்றோர், எஜமான், வேலைக்காரர் என்று ஒவ்வொருவராக எடுத்து, உன் பொறுப்பில் யார் இருக்கிறார், உனக்குப் பதில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேட்கிறார். ஆள் இருந்தால் போகலாம், இல்லையென்றால் இரு. மருந்தை அலட்சியம் செய்து, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நோயைப் பரப்புகிறவர்களைக் கடுமையாகக் கண்டிக்கவும் செய்கிறார். 2020இல் நம் வாட்ஸப் குழுக்களில் சுற்றிய சில செய்திகளுக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

விசுவாசம் எவ்வளவு என்று அவர் அளக்கவில்லை. உன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர் யார் என்று கேட்டார். ஏரல் அண்ணன் தேடுகிற நோட்டும் அதையே கேட்ட நோட்டு என்று நினைக்கிறேன்.

வடக்குத்தெரு

நான் ஏரல் அண்ணனின் சேகரத்துக்காரன்தான். நோட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். நோட்டில் யார் பெயர் இல்லை என்பதையும் பேச வேண்டும்.

எங்கள் ஊரில் இரண்டு கோயில். ஒரே சேகரம், ஒரே ஐயர் (போதகர்), ஒரே பாமாலைப் புத்தகம். ஊருக்குள்ளே பெரிய கோயில். எங்கள் காலனியில் ஒரு சின்னக் கோயில். வெள்ளத்தின்போது வெளியூர்ச் சபைகளிலிருந்து லாரி லாரியாகப் பொருள் வந்தது. பெரிய கோயில் வாசலில் இறங்கியது. விநியோகம் சபைப் பதிவேட்டைப் பார்த்து. சந்தா கட்டிய குடும்பத்துக்கு முதலில். எங்கள் பக்கம் வந்தபோது பாயும் போர்வையும் தீர்ந்து பிஸ்கட் பாக்கெட் மட்டும் மிச்சம். தண்ணீர் எங்கள் தெருவில்தான் முதலில் ஏறியது, கடைசியில்தான் வடிந்தது. என் அம்மா ஊறிப்போன நெல் மூட்டையை அவிழ்த்தபோது அடித்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. முளைவிட்டுப் புளித்துக் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. அதைத்தான் கழுவிக் காயப்போட்டோம்.

யாரையும் குறை சொல்லித் தீர்க்க இதை எழுதவில்லை. அன்று மேட்டில் எல்லாரும் ஒரே கூரையில் இருந்தது உண்மை என்றால், அது எங்களுக்கு மூன்று நாள் கிடைத்தது. நாலாம் நாள் பதிவேடு வந்தது. அன்றாட வாழ்க்கையை மறுபடி யோசிப்பது என்றால் நான் அங்கிருந்துதான் யோசிப்பேன்.

ஏரல்பக்கம்

வடக்குத்தெரு தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நம் சேகரத்தில் விநியோகம் பதிவேட்டைப் பார்த்துத்தான் நடந்தது. சங்கத்துப் பெண்கள் வைத்திருந்த நோட்டு வேறு, கமிட்டியின் பட்டியல் வேறு. பெண்களின் நோட்டில் தெருவும் வீடும் மட்டும் இருந்தது. பட்டியலில் சந்தா எண் இருந்தது. பெரிய லாரிகள் வரத் தொடங்கியதும் பட்டியல் ஜெயித்தது. கமிட்டியில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று இப்போது தெளிவாகிறது.

பாமாலைப்பிரியை அக்கா, கூடிவருதல் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அடிபடுகிற பெண்ணுக்கு ஞாயிறு மட்டும்தான் ஆறுதல் என்றால், திங்கட்கிழமை அவள் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும் அல்லவா? நான் கேட்பது அந்தத் திங்கட்கிழமையை.

வார்டு_விளக்கு

சென்னையில் செவிலியர். வழக்கமாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன், இன்று எழுதுகிறேன்.

2020 ஏப்ரல் 19 இரவை எங்கள் துறையில் யாராலும் மறக்க முடியாது. மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனபோது ஆம்புலன்ஸையே தாக்கினார்கள். கடைசியில் உடன் வேலை செய்த மருத்துவர் ஒருவர் நடுராத்திரியில் மண் தள்ளி அடக்கம் செய்தார். மறுநாள் டியூட்டியில் எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி. நாம் போனால் நம்மை யார் எடுப்பார்கள்?

நம் சபைகளில் அடக்கத்துக்குத்தான் கூட்டம் கூடும். பெட்டி, பூ, வேன், மைக், சாப்பாடு. அன்று இருபது பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. அதற்குப் பின் எங்கள் குடும்பத்தில் அடக்கச் செலவைக் குறைத்துவிட்டோம். பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து பேசி எழுதியே வைத்திருக்கிறோம். சாதாரணப் பெட்டி, ஒரே மாலை, நாற்பதாம் நாள் விருந்து கிடையாது. அந்தப் பணம் சபையில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு. அத்தையின் மரணத்தில் அப்படியே செய்தோம். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள், செய்தோம்.

இன்னொன்று. எல்லாவற்றையும் பொறுப்பாக மாற்றச் சொல்கிறீர்கள். ஏற்கெனவே பொறுப்பில் முங்கி இருக்கிறவர்கள் பெண்கள்தான். சங்கத்து நோட்டை எழுதியவர்கள் வீட்டுச் சேற்றையும் அவர்களேதான் கழுவியிருப்பார்கள். ஓய்வுநாள் என்று ஒரு கட்டளையும் இருக்கிறது. கொரோனா வார்டில் இருந்த மாதங்களில் எனக்கு ஞாயிறே இல்லை. அதன் பிறகுதான் வாரத்தில் ஒருநாள் சமைக்காமல், துவைக்காமல், சபை வேலையும் எடுக்காமல் இருப்பது என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். அன்று வீட்டில் மகனும் அவனுடைய அப்பாவும் சமைப்பார்கள். எனக்குத் தங்கியது இதுதான். இதையும் விசுவாச வாழ்க்கையாகத்தான் பார்க்கிறேன்.

மலைநாட்டு ஆசிரியர்

அக்கா சொன்னதற்கு ஆமென். பணி ஓய்வுக்கு முன் சில காலம் மிசோரமில், ஐஸாலில் இருந்தேன். மிசோ வீடுகளில் சோறு பொங்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். புஹ்ஃபாய் தாம் என்பார்கள். 1910இல் தொடங்கியது. பணமில்லாத பெண்கள் சபை ஊழியத்துக்குக் கொடுக்கக் கண்ட வழி. சேர்ந்த அரிசியைக் கூடைகளில் வாங்கிப்போய் விற்றுக் கணக்கு வைப்பார்கள். வீடுகளில் அரிசியைச் சேகரிக்க வருகிறவர்களும் முறைவைத்து வருவார்கள். ஒரே ஆள் தலையில் விழாது.

நம் திருநெல்வேலிச் சபைகளிலும் கைப்பிடி அரிசி உண்டே! என் பாட்டி அடுப்புக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு மண்கலயம் வைத்திருந்தார். இப்போது நிறைய இடங்களில் கவரில் காசாகப் போட்டுவிடுகிறோம். காசு தப்பில்லை. ஆனால் அடுப்படியில் தினமும் கை நிற்கிற அந்த ஒரு நொடி போய்விட்டது. பாட்டி அந்த நொடியில் யாரோ ஒருவர் பெயரைச் சொல்வார். பெரும்பாலும் எங்களுக்குப் பிடிக்காத அத்தை பெயராக இருக்கும்.

ஒரு வாசகன்

மன்னிக்கவும், நேரடியாகக் கேட்கிறேன். இதெல்லாம் நல்ல சமூக சேவை. அரிசி, பாய், பட்டியல். இதை எந்தத் தொண்டு நிறுவனமும் செய்யும். கிறிஸ்து எங்கே? மனந்திரும்புதல் எங்கே? ஆபத்து வரும்போது தேவன் நம்மிடம் என்ன பேசுகிறார் என்று கேட்க வேண்டாமா?

குருத்தோலை

ஐயா, கேட்க வேண்டிய கேள்விதான். ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்தூர் அண்ணன் வீட்டாரிடம் போய் தேவன் இதன் மூலம் இன்னது பேசினார் என்று என்னால் சொல்ல முடியாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தது வரை சரியாகத்தான் இருந்தார்கள்.

மனந்திரும்புதல் எங்கே என்றால், அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் சபை, ஆவியானவர் இறங்கிச் சில காலம்தான் ஆகிறது. அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், கிரேக்கு பேசுகிற விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு. வடக்குத்தெரு எழுதியதும் அதே முறுமுறுப்பு. அப்போஸ்தலர் அதை அவிசுவாசம் என்று அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெயர்களைப் பாருங்கள், ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், எல்லாம் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்துக்காரர்கள் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்று பலரும் விளக்குகிறார்கள். அவர்கள் தலைமேல் கைகளை வைத்து ஜெபமும் பண்ணினார்கள். சாப்பாடு பரிமாற ஆள் வைப்பதற்கு ஜெபம். சபைக்கு மனந்திரும்புதல் என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

பவுலும் 1 கொரிந்தியர் 16இல் வாரத்தின் முதல்நாளில் அவனவன் தன்னிடத்தில் சேர்த்து வைக்கக்கடவன் என்கிறார். எருசலேமின் தரித்திரருக்காக. பாட்டியின் கலயத்துக்கும் அதற்கும் வெகுதூரமில்லை.

ஒரு வாசகன்

ஏழு பேர் பெயரை இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. நன்றி தம்பி. ஜெபத்தை விட்டுவிட்டு வேலை மட்டும் என்று ஆகிவிடக் கூடாது என்ற என் பயம் மாறவில்லை.

தூத்தூர்_அலை

பயம் நியாயமானது ஐயா. ஜெபத்துக்கு நடுவில் அந்த நோட்டை வாசிப்பதால்தான் அது எங்களிடம் அலுவலகக் காகிதமாக மாறவில்லை. பெயர் வாசிக்கும்போது யார் வீட்டில் குரல் உடைகிறது என்று எங்களுக்குத் தெரியும். அன்றே அந்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஏரல்பக்கம்

கமிட்டிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நிவாரணத்தில் மிச்சமுள்ள பணத்தை வங்கியில் முடக்காமல் அடுத்த மழைக்காலத்துக்கு என்று ஒதுக்குவது. தெருவுக்கு ஒருவர் என்று பெயர் போட்டு நியமிப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது, அதில் ஆண்களும் கட்டாயம் இருப்பது. செவிலி அக்கா சொன்ன பிறகு இதைச் சேர்த்தேன். நோட்டில் சந்தா எண்ணுக்கு இடமே வைக்காமல் தெரு, வீடு, தேவை மட்டும். சபையில் சேராத வீடுகளும் அதில் வரும். ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபத்துக்கு முன் அந்த வார நோட்டை ஒருவர் வாசிப்பது. சங்கடமான விஷயங்களை வாசிக்க மாட்டோம், அந்தந்தத் தெருவின் பொறுப்பாளர் மட்டும் அறிந்திருப்பார். அடி விழுகிற வீட்டுக்குப் போக இரண்டு பெண்கள் சேர்ந்து போவது என்றும் எழுதியிருக்கிறேன், பாமாலைப்பிரியை அக்கா. அதற்கு ஐயர் அம்மாவிடம் (போதகரின் மனைவியிடம்) பேச வேண்டும்.

கைப்பிடி அரிசியையும் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். மாதக்கணக்கில் கிடந்தால் வண்டு விழுமே, ஆசிரியர் ஐயா?

மலைநாட்டு ஆசிரியர்

மாதம் வரை விடாதீர்கள். வாராவாரம் வாங்கிவிடுங்கள். கலயத்தில் நாலைந்து காய்ந்த வேப்பிலை, அல்லது ஒரு துண்டு வசம்பு போட்டால் போதும். புழுங்கலையும் பச்சரிசியையும் கலக்கவிடாதீர்கள், வாங்கிப் பொங்குகிறவர்கள் சிரமப்படுவார்கள்.

வடக்குத்தெரு

அண்ணே, காலனிக்கு யார் பெயர் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஊருக்குள்ளே இருக்கிற மேலத்தெருவிலிருந்து ஒருவரை எங்களுக்கு நியமிப்பதானால் எங்களில் ஒருவரை மேலத்தெருவுக்கும் நியமியுங்கள். அதற்குக் கமிட்டி ஒப்புக்கொண்டால் என் அம்மா பெயரை எழுதிக்கொள்ளலாம். அவருக்கு இரண்டு தெருவிலும் எல்லா வீடும் தெரியும்.

ஏரல்பக்கம்

எழுதிக்கொண்டேன் தம்பி. மேலத்தெருவுக்கு உங்கள் அம்மா. காலனிக்கு நான் வருகிறேன். கமிட்டியில் இதற்கு எதிர்ப்பு வரும், தெரிந்துதான் வைக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.